மொட்டை மாடியில் எந்த ஆன்டெனா? பக்கத்து வீட்டையும் கணக்கில் எடுத்து ஓர் ஒப்பீடு

ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அனுமதி, கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, எந்த ஆன்டெனா வைத்தால் அதிக தூரம் எட்டும் என்பதுதான். அதோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும். நான் மைக் பட்டனை அழுத்தும்போது அந்த ஆன்டெனாவுக்கு மிக அருகில் நின்று அதன் ரேடியோ அலைகளை வாங்கிக்கொள்வது யார்? நம் ஊர் மாடிக்கு வடாம் காயப்போட வருவார்கள், துணி எடுக்க வருவார்கள், பட்டம் விடப் பிள்ளைகள் வருவார்கள். பல தெருக்களில் பக்கத்து வீட்டு மாடியே பத்தடி தள்ளி, அதே உயரத்தில் இருக்கும். நாம் எப்போது ஒலிபரப்புகிறோம் என்பது அங்கே நிற்பவருக்குத் தெரியாது. அதனால் அவரை வைத்துத்தான் ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் 144 மெகாஹெர்ட்ஸ். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச ஆணையத்தின் 2020 வழிகாட்டுதல்படி, இந்த அலைவரிசையில் பொதுமக்கள் மீது படக்கூடிய ரேடியோ சக்தி அதிகபட்சம் சதுர மீட்டருக்கு 2 வாட், அதுவும் 30 நிமிடச் சராசரியாக. 50 வாட் எஃப்எம் ரேடியோவை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் சமமாக வீசும் நீளமான கோலினியர் கம்பம் சக்தியை சுமார் 4 மடங்கு குவிக்கிறது, ஒரே திசையில் வீசும் நல்ல யாகி ஆன்டெனா சுமார் 10 மடங்கு. தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், இடைவிடாமல் ஒலிபரப்பும்போது கோலினியரிலிருந்து 4.5 மீட்டரும் யாகியின் முன்பக்கம் 7 மீட்டரும் விலகி இருக்கவேண்டும். பாதி நேரம் பேசி, பாதி நேரம் கேட்டால் அது 3.2 மீட்டராகவும் 5 மீட்டராகவும் குறையும்.

எண்ணை மட்டும் பார்த்தால் கோலினியர்தான் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அதைப் பெரும்பாலும் எங்கே வைக்கிறோம்? கைப்பிடிச் சுவரில் ஒரு குழாயைக் கட்டி, நெஞ்சுயரத்தில். அதன் வீச்சு முழுவதும் கிடைமட்டமாக நாலா பக்கமும் போகிறது. பக்கத்து மாடியில் நிற்பவர் அதில் நேராக மாட்டுகிறார். யாகியையோ ஆள் இல்லாத திசைக்குத் திருப்பி வைக்கலாம். ஆனால் எதிரே உயரமான கட்டடம் வந்து, ஜன்னல்கள் யாகிக்கு நேராக 7 மீட்டருக்குள் இருந்தால் யாகியே மோசமான தேர்வு. அப்படிப்பட்ட தெருவில் நான் கோலினியரைத்தான் எடுப்பேன், தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, நீளமான மாஸ்டில் (தாங்கும் கம்பத்தில்). நேர் கீழே நிற்பவருக்கு அதன் வீச்சு குறைவு என்பது கூடுதல் லாபம்.

சரி, குறைந்த அலைவரிசைக்கு வருவோம். இங்கே மேலே சொன்ன கணக்கை அப்படியே நம்பமுடியாது. 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே 20 மீட்டருக்கு மேல். மாடியில் நிற்பவர் ஆன்டெனாவின் அண்மைப் புலத்துக்குள்ளேயே, அதாவது அலை முழுதாக உருவாகும் முன்பான நெருங்கிய பகுதியிலேயே, இருக்கிறார். அதனால் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

இரண்டு மாஸ்டுகளுக்கு நடுவே கட்டிய நேர் டைபோல்தான் (நடுவில் மின்சாரம் ஊட்டும் இரு கைக் கம்பி) இங்கே என் முதல் தேர்வு. முழுக் கம்பியும் தலைக்கு மேலே இருக்கும். ஒரே மாஸ்ட் போதும் என்பதால் பலர் அதே டைபோலைக் கவிழ்த்த V வடிவில், இன்வர்ட்டட் வி என்று, கட்டுகிறார்கள். அதன் இரு முனைகளும் சரிந்து வந்து கைப்பிடிச் சுவரில் முடிகின்றன. டைபோலில் மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பது அந்த முனைகளில்தான். 100 வாட்டில் ஒரு குழந்தை அதைத் தொட்டால் தோல் சுட்டுவிடும். இன்வர்ட்டட் வி வேண்டாம் என்று சொல்லவில்லை. முனைகளைப் பத்தடிக்கு மேலே நிறுத்தி, அங்கிருந்து நைலான் கயிற்றைக் கீழே இறக்குங்கள். தளத்தில் செங்குத்தாக நட்ட ஆன்டெனா இன்னும் சிக்கல்: மின்னோட்டம் மிகுந்த அடிப்பகுதி ஆள் நடமாடும் உயரத்திலேயே இருக்கிறது. சுற்றி வேலி போட இடமில்லாவிட்டால் அதை விட்டுவிடலாம்.

மாடி கிடைக்காத அடுக்குமாடிவாசிகளுக்கு பால்கனியில் வைக்கும் காந்த வளையம் என்ற சிறிய வட்ட ஆன்டெனா ஒரு வரம்தான். ஆனால் சிறிய வளையத்தில் பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. மிக அருகில் காந்தப்புலம் கடுமையாக இருக்கும், வளையத்தோடு இணைந்த மின்தேக்கியில் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய கட்டில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சுவர் அந்தப் புலத்தைத் தடுக்கவும் செய்யாது. 5 அல்லது 10 வாட்டுக்கு மேல் நான் அதில் ஏற்றமாட்டேன்.

அப்புறம், எப்படி ஒலிபரப்புகிறோம் என்பதும் ஆன்டெனா அளவுக்கு முக்கியம். எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் சாதாரணமாகப் பேசும்போது சராசரி சக்தி உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். கேட்கும் நேரத்தையும் கழித்தால் 100 வாட் ரேடியோ சராசரியாக 10 வாட்டில் நிற்கும். அதே ரேடியோவில் கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையை ஓட்டினால், ஒரு 15 விநாடிச் சுற்றில் அனுப்பி அடுத்த 15 விநாடிச் சுற்றில் கேட்பதால், சராசரி 40 வாட்டைத் தாண்டும். எஸ்எஸ்பிக்குச் சரியாக இருந்த இடைவெளி எஃப்டி8-க்குப் போதாமல் போகலாம். மாடியில் ஆள் இருக்கும் மாலை நேரத்தில் அதை 20 வாட்டுக்குக் குறைத்து ஓட்டுங்கள். எஃப்டி8-க்கு அது தாராளம்.