டிஏடி உயிரியல் ‘முழுத் தொகுப்பு’: காசு கொடுக்கும் முன் தாவரப் பாடத்தைத் தேடுங்கள்

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு டிஏடி (DAT) நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவர்கள் கவனத்துக்கு. உயிரியலுக்கென்று மலிவாகக் கைமாறும் புத்தகக் கட்டுகளிலும் பிடிஎஃப் தொகுப்புகளிலும் ஏமாந்தவர்கள் நிறைய. மோசடி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் நடக்கிறது: மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் (MCAT) நுழைவுத் தேர்வின் உயிரியல் புத்தகத்துக்கு டிஏடி என்று பெயர் மாற்றி விற்பது.

உயிரியல் எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. எம்கேட்டில் பெரும்பாலும் ஒரு பத்தியும் ஆய்வு முடிவும் கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். டிஏடியில் உயிரியலின் 40 கேள்விகளும் நேரடியானவை. ஆழம் குறைவு, பரப்பு மிக அதிகம். தாவரம், பூஞ்சை, விலங்குத் தொகுதிகள், சூழலியல், விலங்கு நடத்தை எல்லாமே பாடத்திட்டத்தில் உண்டு. எம்கேட் புத்தகத்தில் இவற்றுக்கு இடமே இருக்காது. இருந்தால் அரைப் பக்கம். அதை நம்பிப் படித்தவர் குளுக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸின் பத்து என்சைம்களையும் ஒப்பிப்பார். மாஸ் செடியில் மேலோங்கி நிற்பது கேமிட்டோஃபைட்டா (பாலணு தரும் தலைமுறை), ஸ்போரோஃபைட்டா (ஸ்போர் தரும் தலைமுறை) என்று கேட்டால் விழிப்பார். (கேமிட்டோஃபைட்.)

ஆகவே விற்பவரிடம் முதலில் பொருளடக்கத்தின் படத்தைக் கேளுங்கள். சைலம், புளோயம், தலைமுறை மாற்றம், நைட்ரஜன் சுழற்சி, இம்பிரிண்டிங் (குஞ்சு பிறந்ததும் முதலில் காண்பதைத் தாயாகப் பற்றிக்கொள்வது) ஆகியவை அதில் இல்லையென்றால் பேரமே வேண்டாம். படம் அனுப்பத் தயங்கினாலும் அப்படியே.

அடுத்து விடை விளக்கப் பக்கம் ஒன்று. திருட்டு ஸ்கேன்களில் எழுத்துணரி மென்பொருள் செய்யும் கோளாறு தனிரகம்: பாக்டீரியாவின் 70எஸ் (70S) ரைபோசோம் ‘705’ ஆகிவிடும், சிறுநீரகத்தின் நெஃப்ரான் படம் கறுப்புத் திட்டாக நிற்கும். அதைவிட ஆபத்து, யாரோ கைபோன போக்கில் எழுதிய விடைகள். டியூட்டரோஸ்டோம்களில் (முதுகெலும்பிகள், நட்சத்திர மீன் போன்றவை) பிளாஸ்டோபோர், அதாவது கருவில் முதலில் உருவாகும் துளை, மலவாயாகும், புரோட்டோஸ்டோம்களில் (மண்புழு, நத்தை போன்றவை) பொதுவாக வாயாகும். இது தலைகீழாக இருந்தால் மற்ற விடைகளையும் நம்ப முடியாது. ‘சரியான விடை: சி’ என்று மட்டும் போட்டு, மற்றவை ஏன் தவறு என்று சொல்லாத கேள்வி வங்கியும் வீண்தான்.

‘இந்த ஆண்டுப் பதிப்பு’ என்ற பேச்சைச் சோதிக்க மதிப்பெண் அளவைப் பாருங்கள். 2025 மார்ச் முதல் டிஏடி மதிப்பெண் 200 முதல் 600 வரை. அதற்கு முன் 1 முதல் 30 வரை. பழைய அளவு மட்டும் இருந்தால் பதிப்பு பழையது. அதனால் பாடம் கெட்டுப்போகாது. பழைய விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் கைமாறிய புத்தகத்தோடு வரும் இணையக் குறியீடு பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். பகிர்ந்த கணக்கின் கடவுச்சொல்லுக்கும் அதேதான்: நிறுவனம் முடக்கினால் யாரிடமும் கேட்க முடியாது.

மாதிரித் தேர்வின் நேரத்தையும் பாருங்கள். அறிவியல் பகுதியில் உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30, மொத்தம் 90 நிமிடம். கேள்விக்கு 54 விநாடி. உயிரியலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் தரும் தொகுப்பு பொய்யான தைரியத்தைத்தான் தரும்.

‘தேர்வறையில் வந்த கேள்விகள்’ என்று விற்பதைத் தொடவே வேண்டாம். வெளியிடப்படாத கேள்விகளைப் பகிர்வதும் பயன்படுத்துவதும் தேர்வை நடத்தும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் விதிக்கு எதிரானது, மதிப்பெண்ணே ரத்தாகலாம்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பொருளடக்கத்தையும் சேர்த்துப் பணம் செலுத்திய தளத்தில் ‘சொன்ன பொருள் இதுவல்ல’ என்று முறையிடுங்கள். பணம் வராவிட்டால், அந்த எம்கேட் புத்தகத்தில் செல், மரபியல், உடலியங்கியல் மட்டும் படியுங்கள். தாவரம், உயிரினப் பன்மை, சூழலியல், நடத்தை நான்குக்கும் கல்லூரி முதலாண்டுப் பொது உயிரியல் பாடநூலின் பழைய பதிப்பு ஒன்றை நூலகத்தில் எடுத்தால் போதும்.