மறைபுள்ளிகளை எங்கே வைப்பது? ஓர் இருபுள்ளி பெர்ஸ்பெக்டிவ் பயிற்சியின் மதிப்புரை

பொருள்களை இருபுள்ளி பெர்ஸ்பெக்டிவில், அதாவது விலகிச் செல்லும் விளிம்புகள் இரு புள்ளிகளை நோக்கிக் கூடும்படி, வரையக் கற்றுத்தரும் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. தாளின் குறுக்கே பார்ப்பவரின் கண் உயரத்தைக் குறிக்கும் ஒரு கண்மட்டக் கோடு, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு மறைபுள்ளி (இணையான விளிம்புகள் போய்ச் சேர்வதுபோல் தெரியும் இடம்), நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அந்தச் செங்குத்தின் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் இரு புள்ளிகளையும் நோக்கி நான்கு கோடுகள். சற்று நேரத்தில் ஒரு பெட்டி எழுந்து நிற்கிறது. கற்பவருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அந்த இரு புள்ளிகளையும் ஏன் அங்கே வைத்தோம் என்ற கேள்வி கடைசிவரை எழுவதேயில்லை. நான் அண்மையில் முடித்த ஓர் இணையவழிப் பயிற்சி இந்தக் கேள்வியை முதற்பகுதியிலேயே எடுத்துக்கொள்கிறது. அதனாலேயே அது எழுதத் தகுந்ததாகப் பட்டது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். இதே அமைப்பில் வேறு பயிற்சிகளும் உள்ளன. இங்கே சொல்வதைக் கொண்டு அவற்றையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

பதிவுசெய்த காணொளிகள், அச்சிட்டுக்கொள்ளும் பயிற்சித் தாள்கள், நாம் அனுப்பும் படங்களுக்கு ஆசிரியர் தரும் திருத்தங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்தப் பயிற்சி. ஏ3 தாள், 2எச் பென்சில், நீளமான அளவுகோல், மூலைமட்டம் ஆகியவற்றுக்கு மேல் எதையும் வாங்கச் சொல்லவில்லை. ஆசிரியர் பேச்சைக் குறைத்துக் கையை அதிகம் காட்டுகிறார். கேமரா தாளுக்கு நேர்மேலே இருப்பதால் கோடுகள் சாய்ந்து தெரிவதில்லை. பெர்ஸ்பெக்டிவ் கற்பிக்கும் காணொளிக்கு இது சிறிய விஷயமல்ல.

பயிற்சியின் உயிர்நாடி என்று நான் கருதுவது, காட்சியை மேலிருந்து பார்த்து வரையும் மேற்பார்வைப் பாடத்தை. ஒரு தாளில் கிடைக்கோடு ஒன்றை வரையச் சொல்கிறார். அது படத்தளம், அதாவது நாம் வரையப்போகும் தாளையே மேலிருந்து பார்த்த தோற்றம். அதற்கு 30 செ.மீ. கீழே ஒரு புள்ளி. அது பார்ப்பவரின் கண். மூலைமட்டத்தின் செங்கோண முனையை அந்தப் புள்ளியில் பொருத்தி, அதன் இரு கைகளும் பொருளின் இரு பக்கங்களுக்கு இணையாக இருக்கும்படி திருப்பினால், கைகளின் நீட்சி கிடைக்கோட்டை வெட்டும் இடங்களே இடது, வலது மறைபுள்ளிகள். பெட்டி இருபுறமும் 45 பாகை திரும்பியிருந்தால், கண்ணுக்கு நேரெதிரான மையத்திலிருந்து இருபுறமும் 30 செ.மீ. தள்ளிப் புள்ளிகள் விழுகின்றன. பெட்டியை 30க்கு 60 என்று திருப்பினால் ஒன்று மையத்திலிருந்து சுமார் 17 செ.மீ. தூரத்துக்கு நெருங்கிவர, மற்றொன்று 52 செ.மீ. தூரத்துக்கு ஓடிவிடுகிறது. மூலைமட்டத்தை மெல்லத் திருப்பத் திருப்ப ஒரு புள்ளி உள்ளே வருவதும் மற்றது வெளியே போவதும் கண்முன்னே நடக்கின்றன. மறைபுள்ளி என்பது பொருள் திரும்பியிருக்கும் கோணமும் பார்ப்பவர் நிற்கும் தூரமும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்று. வரைபவர் விருப்பம்போல் குத்திவைக்கும் புள்ளியல்ல. இதை இவ்வளவு குறைந்த சொற்களில் விளக்கிய வேறொரு பாடத்தை நான் பார்த்ததில்லை.

இந்தப் பாடத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு, தொடக்கநிலைப் படங்களில் பெட்டிகள் ஏன் கப்பலின் முகப்பைப் போல முன்னே கூர்ந்து நீள்கின்றன என்பது தானாக விளங்கிவிடும். ஏ4 தாளை அகலவாக்கில் வைத்து அதன் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்தால் அவற்றுக்கிடையே 29.7 செ.மீ.தான் இருக்கிறது. அப்படியானால் பொருள் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் கண் தாளிலிருந்து 15 செ.மீ.க்குக் குறைவான தூரத்தில்தான் இருந்தாக வேண்டும். அவ்வளவு அருகில் கண்ணைக் கொண்டுபோய் எவரும் படம் பார்ப்பதில்லை. ஆசிரியர் இங்கே ஓர் அருமையான சோதனையைத் தருகிறார்: அப்படி வரைந்த கோணலான பெட்டியை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறுகண்ணை உரிய இடத்துக்கு நேரே அந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். கண் தெளிவாகக் குவிக்கத் திணறினாலும் பெட்டி சரியான பெட்டியாகவே தெரிகிறது. படம் பிழையில்லை, பார்க்கும் தூரம்தான் பொருந்தவில்லை என்பதை இதைவிட நேரடியாகக் காட்ட முடியாது.

அடுத்து வரும் பாடம், ஒரே மேசைமேல் வெவ்வேறு கோணங்களில் கிடக்கும் பொருள்களைப் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைபுள்ளி இணை உண்டு. எல்லா இணைகளும் ஒரே கண்மட்டக் கோட்டில் அமையும் என்பதுவரை மற்ற பயிற்சிகளும் சொல்லிவிடுகின்றன. இவர் இன்னும் ஓர் அடி எடுத்துவைக்கிறார். மையத்திலிருந்து இடப்புள்ளியின் தூரத்தையும் வலப்புள்ளியின் தூரத்தையும் பெருக்கினால், கண்ணின் தூரத்தின் வர்க்கம் வர வேண்டும். கண் 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் பெருக்குத்தொகை 900. புத்தகத்துக்கு 20, 45 என்று வைத்தால், பக்கத்திலிருக்கும் தீப்பெட்டிக்கு 25, 36 என்று வைக்கலாம்; 25, 45 என்று வைத்தால் இரண்டையும் பார்ப்பது ஒரே கண்ணாக இருக்காது. ஒவ்வொரு பொருளும் தனித்தனியே சரியாகத் தெரிந்து, மொத்தப் படம் மட்டும் எதனாலோ ஒட்டாமல் நிற்கும் அந்தப் பழகிய சங்கடத்துக்கு ஒரு பெருக்கல் கணக்கு மருந்தாவது வியப்புதான்.

இதே பகுதியில் வரும் வட்டச் சோதனையையும் சொல்லியாக வேண்டும். இரு மறைபுள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை விட்டமாகக் கொண்டு வட்டம் வரைந்தால், பெட்டியின் நம்மை நோக்கிய மூலைகள் அந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை அங்கே சந்திக்கும் விளிம்புகள் விரிகோணமாகத் தெரியும். மூலை வட்டத்தின்மேல் விழுந்தால் செங்கோணம், வெளியே போனால் குறுங்கோணம். பெட்டியின் கீழ்மூலை கத்திமுனைபோல் குத்திக்கொண்டு வருவது இந்த எல்லையைத் தாண்டும்போதுதான். வட்டத்துக்குள் இருந்துவிட்டால் மட்டும் படம் நன்றாக இருந்துவிடாது என்றும், கண்ணிலிருந்து விரியும் 60 பாகைப் பார்வைக்கூம்புக்குள், அதாவது 30 செ.மீ. தூரத்துக்கு மையத்தைச் சுற்றிச் சுமார் 17 செ.மீ. ஆரத்துக்குள், பொருளை அடக்குவதே நல்லது என்றும் ஆசிரியர் சரியாகவே எச்சரிக்கிறார்.

புள்ளிகளைத் தள்ளிவைக்கச் சொன்னவர் அவை தாளுக்கு வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்றும் சொல்லத்தானே வேண்டும்? தாளை மேசையில் ஒட்டி, மேசையின்மேல் ஒட்டுநாடாவில் புள்ளியைக் குறித்துக்கொள்வது முதல் வழி. மேசையும் போதாதபோது, முன்விளிம்பின் செங்குத்தையும் பின்னாலுள்ள செங்குத்தையும் ஒரே எண்ணிக்கையிலான சம பாகங்களாகப் பிரித்து, எதிரெதிர்ப் புள்ளிகளை இணைக்கச் சொல்கிறார். அந்தக் கோடுகள் எல்லாமே கண்ணுக்கெட்டாத அதே மறைபுள்ளியை நோக்கித்தான் போகும். கட்டடம் வரைபவர்களுக்கு இது புதிதன்று. நாற்காலியும் அலமாரியும் வரையப் பழகுபவருக்கு இது பெரிய விடுதலை.

ஆழத்தை அளப்பதில் பயிற்சி தடுமாறத் தொடங்குகிறது. கனசதுரம் வரையும் பாடத்தில், பக்கங்கள் எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதைக் ‘கண்ணுக்குச் சரியாகப் படும்வரை’ நகர்த்திப் பார்க்கச் சொல்கிறார். மேற்பார்வைப் படத்தை அவ்வளவு நேர்த்தியாகக் கற்றுத்தந்தவர், அதே படத்திலிருந்து இரண்டே கோடுகளில் கிடைக்கும் அளவுப்புள்ளியை (ஆழத்தை அளந்து குறிக்க உதவும் புள்ளியை) ஏன் இங்கே சொல்லவில்லை என்று தெரியவில்லை. கண்ணுக்கும் மறைபுள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கவராயத்தில் எடுத்து, மறைபுள்ளியை மையமாக வைத்துக் கண்மட்டக் கோட்டின்மேல் வெட்டினால் போதும். 30 செ.மீ. தூரத்தில், 45 பாகை திரும்பிய பெட்டிக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 42.4 செ.மீ.; இடப்புள்ளிக்குரிய அளவுப்புள்ளி மையத்துக்கு வலப்புறம் 12.4 செ.மீ. தள்ளி அமைகிறது. இது பயிற்சியின் கடைசிப் பகுதியில், அதுவும் இணைப்புத் தாளாகத்தான் வருகிறது. மூலைவிட்டங்களைக் கொண்டு நடுவைக் கண்டுபிடிப்பதும், முன்மூலையிலிருந்து அடுத்த செங்குத்தின் நடுப்புள்ளி வழியாகக் கோடு இழுத்து அதே அகலத்தைத் திரும்பத் திரும்ப அடுக்குவதும் உரிய இடத்தில் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. ஆனால் முதல் சதுரமே ஊகமாக இருந்தால், அதன்மேல் அடுக்குவதெல்லாம் துல்லியமான ஊகமாகத்தானே இருக்கும்?

பயிற்சியின் மிகப் பலவீனமான இடம் வட்டங்கள். சதுரத்துக்குள் நான்கு நடுப்புள்ளிகளைத் தொட்டு நீள்வட்டம் வரைவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. மூலைவிட்டங்களின்மேல் விழும் மற்ற நான்கு புள்ளிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைவிடப் பெரிய குறை, சுவர்க் கடிகாரத்தை வரைந்து காட்டும்போது நீள்வட்டத்தின் நெட்டச்சை, அதாவது நீளமான அச்சை, செங்குத்தாகவே வைத்துவிடுவது. சுவரிலுள்ள வட்டம் நீள்வட்டமாகத் தெரியும்போது அதன் சிற்றச்சு, அதாவது குறுகிய அச்சு, அந்தச் சுவருக்குச் செங்குத்தாக ஓடும் கோடுகள் சேரும் மறுபக்க மறைபுள்ளியை நோக்கி ஏறத்தாழ அமையும். ஆகவே கடிகாரம் கண்மட்டத்துக்கு மேலே போகப் போக நீள்வட்டமும் சாய வேண்டும். செங்குத்தாக வைத்த நீள்வட்டம் சுவரிலிருந்து கழன்று முறுக்கிக்கொண்டு நிற்பதைக் காணொளியிலேயே பார்க்கலாம். நீள்வட்டத்தின் மையமும் வட்டத்தின் மையமும் ஒன்றல்ல, முன்னது நம் பக்கம் சற்று நெருங்கியிருக்கும் என்பதும் விடுபட்டிருக்கிறது. குவளை, சக்கரம், பாத்திரம் ஆகியவற்றை வரைய விரும்புபவர்கள் இந்தப் பகுதிக்கு வேறு ஆசிரியரைத் தேடிக்கொள்வது நல்லது.

இதற்கு நேர்மாறாக, பாதி திறந்த பொருள்களைப் பற்றிய பாடத்தை மீண்டும் மீண்டும் பார்க்கலாம். அலமாரிக் கதவு செங்குத்தான கீலில் சுழல்வதால், அதன் மேல், கீழ் விளிம்புகளின் மறைபுள்ளி கண்மட்டக் கோட்டின்மீதே நகர்கிறது. பெட்டியின் மூடி கிடைமட்டமான கீலில் சுழல்வதால், அதன் மறைபுள்ளி பழைய புள்ளிக்கு நேர்மேலோ நேர்கீழோ போகிறது. இழுப்பறையை எவ்வளவு வெளியே இழுத்தாலும் மறைபுள்ளிகள் மாறுவதில்லை. மூன்று அசைவுகளையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்துக் காட்டும் அந்தக் காணொளியில் ஆசிரியர் மறைபுள்ளிகளை மட்டும் சிவப்பு மையில் குறித்திருக்கிறார். கதவு திறக்கத் திறக்க அந்தச் சிவப்புப் புள்ளி தாளின் குறுக்கே நடந்துபோவதைப் பார்த்த பிறகு விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வீட்டுப்பாடமாகக் கைபேசியில் ஒரு பொருளைப் படமெடுத்து, அதன் விளிம்புகளை நீட்டி மறைபுள்ளிகளைக் கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் அரைகுறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கேமராவைச் சாய்த்துக் கீழ்நோக்கிப் பிடித்தால் செங்குத்துகளும் கீழே கூடத் தொடங்கும். அது மூன்றாவது மறைபுள்ளி. பார்வை கிடைமட்டமாக இருக்கும்வரைதான் இருபுள்ளி முறை முழுக்கப் பொருந்தும். மேசைமேல் கிடக்கும் தீப்பெட்டியைக் குனிந்து பார்த்து எடுத்த படத்தில் செங்குத்துகளை இணையாக எதிர்பார்ப்பவர் குழம்பத்தான் செய்வார். அகன்ற கோணக் கேமராவில் பொருளை நிரப்ப அருகே போக வேண்டியிருப்பதால் சுருக்கமும் கடுமையாகிறது. இரண்டு வரி எச்சரிக்கை போதும், அதுவும் இல்லை.

வரலாற்றுக்கு ஒதுக்கிய காணொளியை வேகமாக ஓட்டிவிடலாம். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புருனலெஸ்கி வரைந்து காட்டிய பலகையைப் பற்றிச் சொல்கிறார்கள், ஆனால் அதில் ஒரு துளை இருந்ததைச் சொல்லவில்லை. பார்ப்பவர் பலகையின் பின்புறமாகத் துளையில் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும்; கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்தத் துளையே கட்டிப்போட்டுவிடுகிறது. இந்தப் பயிற்சியின் மையக் கருத்துக்கு அதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது.

திருத்தச் சேவையைப் பொறுத்தவரை, ஆசிரியரே பார்த்தபோது படத்தின்மேல் விளிம்புகளைச் சிவப்புக் கோட்டில் நீட்டி, எந்தக் கோடு எங்கே தவறிப்போகிறது என்று காட்டியனுப்பினார். உதவியாளர்கள் பார்த்தபோது ‘நல்ல முயற்சி, தொடருங்கள்’ என்ற வகையில் பொதுவான பாராட்டுகளே வந்தன. யார் திருத்துவார் என்பதைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. கேள்வியைக் குறிப்பாகக் கேட்டால், எடுத்துக்காட்டாக, ‘மூடியின் இரு விளிம்புகளும் ஒரே புள்ளியில் சேர்கின்றனவா’ என்று எழுதினால், உதவியாளர்களிடமிருந்தும் உருப்படியான பதில் வருகிறது.

கடைசிப் பகுதியிலுள்ள நிழல்தீட்டும் பாடங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் பெர்ஸ்பெக்டிவுக்கும் பெரிய தொடர்பில்லை. விழும் நிழலின் வடிவத்தை மறைபுள்ளிகொண்டு கண்டுபிடிக்கும் முறை வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே. ஒருபுள்ளி முறையில் ஓரளவு கைபழகி, அடுத்து என்ன என்று கேட்பவருக்கு இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பென்சிலை இப்போதுதான் கையில் எடுத்தவருக்கு மேற்பார்வைப் பாடமே மிரட்சியைத் தரலாம். சேர்பவர்கள் இணைப்புத் தாளிலுள்ள அளவுப்புள்ளி முறையைக் கனசதுரப் பாடத்துக்கு முன்பே படித்துவிட்டு, பிறகு காணொளிகளை அவை இருக்கும் வரிசையில் பார்க்கலாம்.