ரொக்கமதூரா, கோங்க்கா?

லொத் மாவட்டத்து ரொக்கமதூர், அவேரோன் மாவட்டத்துக் கோங்க். இரண்டுமே தெற்கு பிரான்சில் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் சிற்றூர்கள். இரண்டையும் வளர்த்தது யாத்திரை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எங்கே போவது? நான் கோங்க் என்பேன். ரொக்கமதூர் மட்டமான ஊர் என்பதால் அல்ல.

முதலில் கல்லைப் பார்க்க வேண்டும். ரொக்கமதூர் இருப்பது சுண்ணாம்புக்கல் பூமியில். மழைநீர் மேலே தங்காது, பிளவுகள் வழியே இறங்கிவிடும். ஊருக்குக் கீழே இருக்கும் அல்சூ ஆறே அடிக்கடி வறண்டு கிடக்கும். மேலே குட்டை ஓக் மரங்கள், கல்வேலிகள், ஆடுகள். ஊர் பெயரையே தாங்கிய அந்தச் சின்ன வட்டமான ஆட்டுப்பால் சீஸ் இந்த வறண்ட மண் தந்ததுதான். இறங்கிய தண்ணீர் என்ன ஆனது என்று தெரிய, பக்கத்திலுள்ள பாதிராக் பாதாளக் குழிக்குப் போகலாம். 75 மீட்டர் ஆழம். அதற்கும் கீழே படகு போகும் ஆறு ஓடுகிறது.

ஊர் மூன்று அடுக்கு: கீழே ஒரே தெரு, நடுவில் பாறையை ஒட்டிய சிற்றாலயங்கள், உச்சியில் கோட்டை. தெருவிலிருந்து கறுப்பு மாதா என்ற மரியாள் சிலை இருக்கும் இடத்துக்கு 216 படிகள். முழங்காலிலேயே ஏறிய யாத்திரிகர்கள் உண்டு. ஆனால் இந்த அழகு முழுதாகக் கண்ணில் படுவது தள்ளியிருக்கும் லொஸ்பிதாலே என்ற குடியிருப்பில் நின்றால்தான். சுமார் 600 பேர் வாழும் ஊருக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். கோடையில் அந்த ஒற்றைத் தெரு என்ன பாடுபடும்!

கோங்க்கில் கல் வேறு, ஊரும் வேறு. பலகை பலகையாகப் பிளக்கும் ஷிஸ்ட் கல்தான் சுவருக்கும் கூரைக்கும். அதனால் ஊரே சரிவிலிருந்து முளைத்ததுபோல் இருக்கிறது. சுற்றிலும் காடு. சிப்பிபோல் குழிந்த இடம் என்பதால்தான் இந்தப் பெயர். 2016 முதல் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து கோங்க்-ஆன்-ரூவெர்க் என்ற ஒரே கொம்யூன், அதாவது ஒரே உள்ளாட்சிப் பகுதி.

நடுவில் புனித ஃபுவா தேவாலயம். வாசலுக்கு மேல் 124 உருவங்களுடன் இறுதித் தீர்ப்புச் சிற்பம். உள்ளே 1994இல் ஓவியர் பியேர் சுலாழ் அமைத்த 104 ஜன்னல்கள்: படமோ வண்ணமோ இல்லாத கண்ணாடி, வெளிச்சம் மாற மாற அதன் நிறமும் மாறும். அப்புறம் புனிதையின் தங்கச் சிலை. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆலயப் பொக்கிஷத்தை ஊர்க்காரர்களே தங்கள் வீடுகளில் பதுக்கி வைத்துக் காப்பாற்றி, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு இந்த ஊர்மேல் இருக்கும் மரியாதை முக்கியமாக இதனால்தான்.

சரி, போய்ச் சேருவதில் ரொக்கமதூர்தான் சுலபம். சில கிலோமீட்டரில் ரயில் நிலையம் உண்டு. கோங்க்குக்கு ரோதெஸிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் சாலைப் பயணம். பிரான்சின் ல புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு யாத்திரையாக நடப்பவர்கள் காலாலேயே வந்துவிடுவார்கள். கோங்க்கில் இரவு தங்குங்கள். தேவாலய முகப்பு மேற்கு பார்த்தது, மாலை வெயில் நேராக அந்தச் சிற்பத்தில் விழும்.