1911, 1921, 1939: இங்கிலாந்துக் குடும்ப வரலாற்றுக்கு எதை முதலில் திறப்பது?

என் கணவர் வீட்டார் லங்காஷயர்க்காரர்கள். பர்ன்லி பக்கம், தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாலையில் தறி ஓட்டியவர்கள். வம்சாவளியை யாராவது எழுதி வைத்தால் தேவலை என்று மாமியார் சொல்லப்போக, அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆள் பெயரோடு கூடிய பிரிட்டிஷ் சென்சஸ் 1841 தொடங்கி 1921 வரை பார்க்கக் கிடைக்கிறது. நூறு வருடம் மூடி வைக்கும் விதி இருப்பதால் அதற்கு மேல் போக முடியாது. பெரும்பாலானவற்றுக்குக் காசு. சந்தா கட்டுவதற்கு முன் எந்த வருடம் நமக்கு அதிகம் சொல்லும் என்று தெரிந்திருந்தால் நல்லது. தாத்தா பாட்டி பெயரிலிருந்து மேலே ஏற நினைக்கிறவர்களுக்குக் கையில் இருப்பவை 1911 சென்சஸ், 1921 சென்சஸ், 1939 பதிவேடு ஆகிய மூன்றும்தான். நான் 1911 கட்சி.

பழையதைப் பற்றி ஒரே பத்தி. 1881 சென்சஸைத் தன்னார்வலர்கள் முழுசாகப் படித்து எழுதிவிட்டதால் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகத் தேடலாம், பழக அதுதான் நல்ல இடம். 1841-ஐ மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்: பதினைந்து வயது தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் 34 வயதுக்காரர் 30 ஆகியிருப்பார். உறவுமுறையும் அதில் கிடையாது, 1851-இல்தான் வருகிறது.

சரி, 1911. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 1901 வரை என்ன செய்தார்கள் என்றால், வீட்டுக்கு வீடு கொடுத்த படிவத்தைத் திரும்ப வாங்கி, கணக்கெடுப்பாளர் அதைத் தன் புத்தகத்தில் பார்த்து எழுதுவார். அந்தப் புத்தகம்தான் நமக்குக் கிடைக்கிறது, படிவங்கள் போய்விட்டன. 1911-இல் படிவத்தையே வைத்துக்கொண்டார்கள். கணவரின் கொள்ளுத்தாத்தா கையால் எழுதிய ஒரே தாள் எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். எழுத்து பள்ளிக்கூடப் பையன் எழுத்து மாதிரி உருண்டையாக, கையெழுத்து மட்டும் பெருமிதமாக. வீட்டில் எத்தனை அறை என்ற கேள்விக்கு நான்கு என்று எழுதியிருக்கிறார் (சமையலறையை அறையாகச் சேர்க்கலாம், குளியலறையைச் சேர்க்கக் கூடாது என்று படிவத்திலேயே விதி போட்டிருக்கிறது). பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எதிரே பாதி நேரம் ஆலை, பாதி நேரம் பள்ளி. லங்காஷயரில் அப்போது அது சட்டப்படியே நடந்தது.

ஆனால் நான் 1911-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கையெழுத்துக்காக இல்லை. அந்தப் படிவத்தின் நடுவில் நான்கு குட்டிக் கட்டங்கள் இருக்கின்றன. மணமான பெண்ணுக்கு எதிரே, இந்தத் திருமணம் முடிந்து எத்தனை முழு வருடம், இந்தத் திருமணத்தில் உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. பிறப்பு விகிதம் குறைகிறதே, கைக்குழந்தைகள் இத்தனை பேர் சாகிறார்களே என்று அரசாங்கத்துக்கு அப்போது கவலை, அதற்காகக் கேட்ட கேள்வி. எங்கள் படிவத்தில் இருந்தவை 19, 9, 5, 4. வீட்டில் எல்லாரும் ஐந்து பிள்ளைகள் என்றுதான் சொல்லி வந்தார்கள். மாமியாருக்கே தெரியாது.

1902-இல் பிறந்து 1908-இல் இறந்த குழந்தை எந்த சென்சஸிலும் வராது. 1901-இல் பிறக்கவில்லை, 1911-இல் உயிரோடு இல்லை. பத்து வருட இடைவெளியில் வந்து போன அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடவே நமக்குத் தோன்றாது, ஏனென்றால் தேட வேண்டும் என்பதே தெரியாது. ‘இறந்தவர்கள் 4’ என்ற கட்டம் இருந்தால், எத்தனை பேரைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்ற கணக்கு கையில் வந்துவிடுகிறது. அப்புறம் பொதுப் பதிவு அலுவலகத்தின் பிறப்பு அட்டவணைக்குப் போக வேண்டும். பெயரைப் பதிவு செய்துகொண்டால் இலவசமாகத் தேடலாம், 1837 முதல் இருக்கிறது, குழந்தைக்கு எதிரே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். தகப்பன் குடும்பப் பெயர், தாய் வீட்டுப் பெயர், பர்ன்லி பதிவு மாவட்டம், கல்யாண வருடத்திலிருந்து 1911 வரை. இந்த நான்கையும் கொடுத்துத் தேடினால் ஒன்பது பெயரும் வரிசையாக வந்தன. இறப்பு அட்டவணையில் வயதும் போட்டிருப்பதால் விடுபட்ட நான்கு பேரையும் பொருத்திப் பார்க்க முடிந்தது. அதில் இரண்டு பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை.

இந்தக் கட்டங்களிலும் வில்லங்கம் உண்டு. நடப்புத் திருமணத்தின் பிள்ளைகளை மட்டும்தான் கேட்டார்கள், முதல் தாரத்துப் பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்கள். மூத்த பிள்ளையின் வயதுக்குப் பொருந்த வேண்டுமே என்று கல்யாண வருடத்தைக் கூட்டி எழுதியவர்களும் இருந்தார்கள். கணவனை இழந்தவரோ மனைவியை இழந்தவரோ பதில் எழுதத் தேவையில்லை. ஆனாலும் பலர் எழுதிவிட்டார்கள், அலுவலக எழுத்தர் அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருப்பார், கோட்டுக்கு அடியில் எண் நன்றாகவே படிக்கக் கிடைக்கும். எழுத்து வடிவில் தட்டச்சு செய்து தருவதில் இது விடுபடலாம், அதனால் காசு கொடுப்பதானால் மூலப் படிவத்தின் படத்துக்கே கொடுங்கள். இன்னொன்று: 1911-இல் வீட்டுப் பெண் ஒருத்தி காணோம் என்றால் இறந்துவிட்டாள் என்று முடிவு கட்ட வேண்டாம். வாக்குரிமை கேட்ட பெண்கள் அந்த சென்சஸைப் புறக்கணித்தார்கள். அவர்களில் ஒருவரான எமிலி வைல்டிங் டேவிசன் அந்த இரவில் நாடாளுமன்றக் கட்டடத்து அலமாரி ஒன்றில் ஒளிந்துகொண்டது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை.

1921-க்கு வேறு பலம். வேலை கொடுத்தவர் யார், வேலை செய்த இடம் எது என்று கேட்டிருக்கிறார்கள், அதனால் ‘நெசவாளி’ என்பதோடு நிற்காமல் ஆலையின் பெயரே கிடைக்கிறது. பஞ்சுத் தொழில் படுத்துக் கிடந்த வருடம் அது. ஆலைப் பெயருக்குப் பக்கத்தில் ‘வேலையில்லை’ என்று எழுதியவர்கள் ஏராளம். பதினைந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்களா என்ற கேள்வியும் உண்டு, முதல் உலகப் போரில் தகப்பனை இழந்த குடும்பம் என்றால் அதன் அருமை புரியும். ஆனால் குழந்தைகள் பற்றிய கேள்வியில் உயிரோடு இருக்கும் பதினாறு வயதுக்குட்பட்டவர்களைத்தான் கேட்டார்கள். இறந்தவர்கள் மறுபடியும் காணாமல் போகிறார்கள். இன்னொரு தொல்லை தேதி. ஏப்ரலில் நடக்க வேண்டியது வேலைநிறுத்த பயத்தால் ஜூன் 19-க்குத் தள்ளிப்போனது, அதற்குள் விடுமுறைக் காலம் ஆரம்பித்து, சிலர் பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊர்களில் தங்கும் விடுதிக் கணக்கில் மாட்டியிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் வெளிவந்தபோது ஒரு படத்துக்கு மூன்றரை பவுண்டு. லண்டனில் க்யூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போனால் காசில்லாமல் பார்க்கலாம்.

1939 பதிவேடு சென்சஸே இல்லை. போர் தொடங்கியதும் செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த கணக்கு. 1931 சென்சஸ் தீயில் போயிற்று, 1941-இல் எடுக்கவே இல்லை, 1951 திறக்க இன்னும் காலம் இருக்கிறது, ஆகவே இதை விட்டால் வழியில்லை. பிறந்த தேதி முழுசாக இருக்கும். பிற்பாடு தேசிய சுகாதார சேவையும் இதையே பயன்படுத்தியதால், பெண்களின் பழைய பெயரை அடித்து மணமான பிறகு வந்த பெயரை மேலே எழுதியிருப்பார்கள், அது பெரிய உதவி. ஆனால் உறவுமுறை இல்லை, பிறந்த ஊர் இல்லை, பட்டாளத்தில் இருந்தவர்கள் இல்லை, குண்டுவீச்சுக்குப் பயந்து ஊர் விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகள் வேறு யார் வீட்டிலோ இருப்பார்கள். தாத்தா பெயரே சரியாகத் தெரியாதவர்கள் இங்கே ஆரம்பித்து 1911-க்குப் போகலாம்.

இந்தியாவிலிருந்து போன ஆயாக்களைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பல ஆவணங்களில் அவர்கள் வெறும் ‘ஆயா’, அல்லது ஆயாவோடு எஜமானர் குடும்பப் பெயர். அங்கே ஆள் பெயரை விட முகவரியை வைத்துத் தேடுவதுதான் பலன் தரும், லண்டன் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோட்டில் இருந்த ஆயாக்கள் இல்லத்திலிருந்து தொடங்கலாம்.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கம் நான் மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்துக்கு ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்ற தனித் தளம், அங்கே 1911-க்கும் கணக்கெடுப்பாளர் புத்தகம்தான், கொள்ளுத்தாத்தா கையெழுத்து கிடைக்காது, பிள்ளைகள் எண்ணிக்கை கிடைக்கும். அயர்லாந்தில் 1901, 1911 இரண்டுக்கும் குடும்பப் படிவமே இருக்கிறது, அதுவும் அவர்கள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் முழுக்க இலவசம். உங்கள் ஆட்கள் கார்க், மேயோ பக்கம் என்றால் பர்ஸைத் தொடுவதற்கு முன் அங்கே போய்ப் பாருங்கள்.