பி.எல்.டி.சி. ஃபேனா, சாதா ஃபேனா?

எங்கள் ஹால் ஃபேன் மாசியில் சுற்ற ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்குத்தான் ஓயும். திருச்சி வெயில் அப்படி. ஏசி இல்லாமலேயே கோடையில் இரண்டு மாத பில்லில் 540 யூனிட் வந்தது. 2023 சித்திரையில் மூன்று பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த, கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன்), சமையலறைக்குச் சாதா ஃபேன் என்று மாட்டினேன்.

காற்று, சத்தம், அழகு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலையில் பி.எல்.டி.சி. ஆயிரம் ரூபாயாவது கூடுதல்.

கணக்குக்கு வருவோம். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. 28 வாட். தினம் 18 மணி நேரம் ஓடும் ஹாலில் இரண்டு மாதத்துக்கு 81 யூனிட் 30 ஆகிறது. படுக்கையறையையும் சேர்த்தால் 80 யூனிட் மிச்சம். 540 இருந்த இடத்தில் 460. நம் மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமா காசு? கீழ்ப்படிக்கான சலுகை விலையும் கையைவிட்டுப் போகும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதுதான் உண்மையான லாபம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரி கூடுதல் நேரம் தாங்குவதும், வோல்டேஜ் குறைந்தாலும் வேகம் குறையாததும் இனாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு, மின்சாரத்தை எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். அதனால் இப்போது வரும் சாதா ஃபேனே 50 வாட் சுமாருக்கு இறங்கிவிட்டது. பழசை மாற்றுபவருக்குக் கிடைக்கும் லாபம், புது வீட்டுக்கு வாங்குபவருக்கு அவ்வளவு இல்லை.

சரி, வாங்கும்முன் யோசிக்க வேண்டியது ரிப்பேர். சாதா ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர். தெருமுனை எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு ஏறினால் பத்து நிமிஷ வேலை. காயில் எரிந்தாலும் கட்டிக் கொடுக்க ஆள் உண்டு. பி.எல்.டி.சி.யில் எல்லாம் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. இரண்டாம் வருஷம், இடி இடித்த ஒரு ராத்திரிக்குப் பிறகு படுக்கையறை ஃபேன் அசையவில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றிப் பார்த்து, "சார், இது நம்ம கைல இல்ல" என்று அப்படியே திருப்பி மாட்டினார். வாரண்டி இருந்ததால் காசு போகவில்லை. கம்பெனி ஆள் வர பதினொரு நாள். அதுவரை மொட்டை மாடியில் பாய்.

ஆகவே விலையைக் கேட்கும்முன், வாரண்டி எத்தனை வருஷம், போர்டு தனியாகக் கிடைக்குமா, ஊரிலேயே சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு போர்டு எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் எனக்கு அனுபவம் பத்தாது. பழைய ரெகுலேட்டரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், அது போர்டுக்கு ஆகாது.

நாளைக்கு மூன்று மணி நேரம்கூட ஓடாத சமையலறைக்குச் சாதா ஃபேனே போதும். அம்மாவுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, ரிமோட் தேட வேண்டாம். ஹால் ரிமோட்டை நூல் கட்டி காலண்டர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம்.