நிலாவெளி வீதி மரச் சிற்பப் பட்டறை: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

திருகோணமலையில் மரச் சிற்பம் வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். வெட்டுமுகத்தில் நடுக்குருத்து, அதாவது மரத்தின் நட்டநடு மையம், தெரிந்தால் அந்தத் துண்டு வெடிக்கும். மரம் காயும்போது சுற்றுவட்டமாகச் சுருங்கும் அளவு, நடுவை நோக்கிச் சுருங்கும் அளவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. குருத்தை உள்ளே வைத்துச் செதுக்கினால் அந்த இழுவைக்குப் போக இடமில்லை, வெளியிலிருந்து நடுவரை பிளந்துவிடும். எங்கள் ஊரில் இது சீக்கிரம் நடக்கும். வைகாசியிலிருந்து கச்சான் காற்று சுட்டெடுக்கும், ஐப்பசியில் மாரி தொடங்கினால் அதே மரம் ஈரம் குடித்து ஊதும்.

நிலாவெளி வீதிப் பக்கம் உள்ள இந்தச் சிறு பட்டறையைப் பரிந்துரைக்க முதற்காரணம் அதன் பின்பக்க மரக்கொட்டில்தான். மரக்காலையிலிருந்து வந்த துண்டுகளைக் குருத்து நீக்கிப் பிளந்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிலத்தில் படாமல், இடையிடையே சட்டம் வைத்து நிழலில் அடுக்கியிருக்கிறார்கள். முனை வழியே ஈரம் வேகமாக வெளியேறும் என்பதால் மெழுகு கட்டாயம். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இங்கே அது மீறப்படவில்லை. ஒவ்வொரு துண்டிலும் வந்த மாதத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறார் சிற்பி. கேட்டால் காட்டுவார்.

வேலைகளில் மிகச் சிறந்தது புள்ளிமான். எங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்களை நேரில் பார்த்து வரைந்த கோட்டோவியங்கள் சுவரெங்கும் இருக்கின்றன. பார்த்து வரைந்ததன் பலன் செதுக்கலில் தெரிகிறது: கொம்புக்கு மூன்று கிளை, தொண்டையில் வெள்ளைத் திட்டு, முதுகெலும்பை ஒட்டிய புள்ளிகள் வரிசையாக. கடைத்தெருப் பொம்மைகளில் கொம்பு மரக்கிளை போல எத்தனை கவரும் விடும்.

கொம்புதான் எல்லாரும் தோற்கும் இடம். உடலோடு ஒரே துண்டில் வெட்டினால் நார் கொம்புக்குக் குறுக்கே ஓடும், துடைக்கும் துணி மாட்டினாலே முறியும். இவர் இயற்கையாகக் கவைத்த பூவரசங் கிளையைத் தேடியெடுத்துக் கொம்பைத் தனியாகச் செதுக்கி, தலையில் துளையிட்டு மர ஆணியால் பொருத்துகிறார். கிளை வளைந்த வழியே நாரும் வளைவதால் மெல்லிய நுனிகூடத் தாங்கும். இன்னொரு மான் இதைவிட அழகு. பழைய கொம்பை உதிர்த்து, புதுக் கொம்பு தோல் போர்த்து வளரும் பருவத்தில் நிற்கிறது. நுனி மழுங்கி, தடித்து, சற்றே உப்பியிருக்கும் அந்தக் கொம்பை மரத்தில் வேறெங்கும் காண்பது அரிது.

அடுத்தது திமிங்கிலம். நம் கடலில் நீலத் திமிங்கிலமும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் வருகின்றன. இரண்டையும் குழப்பாத சிற்பி இவர். ஸ்பேர்முக்குத் தலை உடலில் மூன்றிலொரு பங்கு, மூச்சுத்துளை தலையின் முன்நுனியில் இடப்பக்கம், தலைக்குப் பின்னால் தோல் சுருங்கியிருக்கும். நீலத்துக்கு முதுகுத் துடுப்பு மிகச் சிறியது, வால்பக்கமாகத் தள்ளியிருக்கும். எல்லாம் சரியாக இருக்கின்றன. மரம் முதிரை. கனமீற்றருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை, நார் முன்னும் பின்னுமாகப் பின்னி ஓடும். உளி சற்று மழுங்கினாலும் நார் கிழிந்து குழி விழும். அதனால் உளியின் சாய்வை 25 பாகைக்குத் தீட்டி, அடிக்கடி தோல்வாரில் இழுத்துக்கொள்கிறார். தோல் சுருக்கங்களைச் சிறிய அரைவட்ட உளியின் தடத்தோடு அப்படியே விட்டிருப்பது நல்ல முடிவு. தேய்த்திருந்தால் செத்துப்போயிருக்கும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் தரும். பட்டறையைப் பார்க்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

மயிலை வாங்க வேண்டாம். கொண்டையும் தோகை ஓரமும் நாருக்குக் குறுக்கே மெலிந்து நிற்கின்றன, பசைபோட்டு ஒட்டிய இடங்களும் தெரிகின்றன. பீடத்தைப் பூட்ட இரும்புத் திருகாணி போடுவது இன்னொரு குறை. உப்புக்காற்றில் துருவேறும், சில மரங்களில் சுற்றிலும் கறுப்புக் கறை படரும். பித்தளைத் திருகாணி கேட்டு வாங்குங்கள், மறுக்கமாட்டார். சிறிய பொருட்களுக்குப் பளபளக்கும் வானிஷ் பூசுகிறார்கள், அது கடலோர வீட்டில் உரியும். பெரியவற்றுக்கு ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைனில் கலந்து, மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள். மாரியில் இது காயவே காயாது. அதனால் கார்த்திகை, மார்கழியில் அவர் களிமண் மாதிரிகளிலேயே இருப்பார். அப்போது போனால் எதையும் கையோடு கொண்டுவர முடியாது, ஆனால் உங்கள் சிற்பத்தின் நிற்கும் நிலையைக் களிமண்ணிலேயே மாற்றச் சொல்லலாம். அதற்கு அதுவே சரியான காலம். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குவித்தால் தானே தீப்பிடிக்கும், இங்கே விரித்துக் கொடியில் போடுகிறார்கள்.

முருகைக்கல்லில், அதாவது பவளக்கல்லில், ஏதும் கேட்காதீர்கள். பவளம் சட்டத்தால் காக்கப்பட்டது, அவரும் தொடமாட்டார். கரையொதுங்கிய மரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவார். நன்னீரில் ஊறப்போட்டு, உப்புப் போகும்வரை நீர் மாற்றி, காயவைத்த பிறகே உளி வைப்பார், அதனால் காலம் இழுக்கும்.

விலை எழுதி ஒட்டுவதில்லை. மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கொழும்புக்குக் கொண்டுபோவதானால் பொலித்தீனில் இறுக்கிக் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். குளிரூட்டிக் காற்று நேரே படும் இடத்தில் வைக்காதீர்கள். பளபளப்பு மங்கினால் ஆளிவிதை எண்ணெயே பூசுங்கள். தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.