எர்வெபோ: எபோலாவுக்கு ஒரே ஊசி

எர்வெபோ தடுப்பூசிக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கடைசியில்.

கையில் ஒரே ஒரு ஊசி, 1 மில்லி, அவ்வளவுதான். மாடு, குதிரைகளுக்கு வாயில் கொப்புளம் கொண்டுவரும் ஒரு வைரஸை எடுத்து, அதன் மேலுறைப் புரதத்தைக் கழற்றிவிட்டு எபோலாவின் புரதத்தை மாட்டியிருக்கிறார்கள். உடம்பு எபோலாவை அடையாளம் பிடித்துக்கொள்ளும், எபோலா வராது. 2015இல் கினியாவில் சோதித்தபோது ஒரு நோயாளி தெரியவந்ததுமே அவரோடு பழகியவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என்று சுற்றி வளையம் கட்டி ஊசி போட்டார்கள். பெரியம்மையை விரட்டிய அதே வழி. ஊசி போட்ட 5,837 பேரில் பத்து நாள் தாண்டிய பிறகு ஒருத்தருக்குக்கூட எபோலா வரவில்லை. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய தொல்லை குளிர்தான். மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே வைத்திருக்க வேண்டும், சாதாரண ஐஸ் பெட்டி ஆகாது. ஆர்க்டெக் என்று ஒரு பெரிய குடுவை, கரண்ட் இல்லாமல் ஐந்து நாள் வரை தாங்கும், அதைத் தூக்கிக்கொண்டுதான் 2018 முதல் 2020 வரை கிழக்கு காங்கோவில் ஆயுதக் குழுக்கள் சண்டை போடும் ஊர்களுக்குள் போய் 3 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். நான் கொடுத்த மதிப்பெண்ணில் பாதி அவர்களுக்குச் சேர வேண்டியது.

அப்புறம் காய்ச்சல். போட்டவுடன் காய்ச்சலும் தலைவலியும் மூட்டுவலியும் பலருக்கு வரும். வேறு தடுப்பூசி என்றால் ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடலாம், ஆனால் எபோலா பரவும் ஊரில் உடம்பு கொஞ்சம் சுட்டாலே வீடே நடுங்கும், இது ஊசியால் வந்ததா நோயா என்று. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் மொழியில் பொறுமையாகச் சொல்ல ஆள் கட்டாயம் வேண்டும்.

சரி, குறைத்த அந்த ஒன்று. கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்தில் உருவான இது குரங்குகளைக் காப்பாற்றுகிறது என்று 2005லேயே தெரியும். பணம் போட ஆளில்லாமல் கிடந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000 பேருக்கு மேல் சாகும் அளவுக்கு நோய் பரவிய பிறகுதான் வேகம் பிடித்தது. அதுவும், எபோலாவில் உள்ள பல வகைகளில் சயீர் வகைக்கு மட்டும். 2022இல் உகாண்டாவில் சூடான் வகை வந்தபோது இது உதவவில்லை. சூடான் வகைக்கான சோதனை ஊசிகள் டிசம்பரில் வந்து சேர்ந்தபோது சிகிச்சையில் ஒரு நோயாளியும் இல்லை, 55 பேர் இறந்திருந்தார்கள். 2025 ஜனவரியில் அதே வகை கம்பாலாவில் திரும்ப வந்தது. இந்த முறை அந்தச் சோதனை ஊசிகளை உள்ளூரிலேயே தயாராக வைத்திருந்தார்கள், நாலே நாளில் போட ஆரம்பித்துவிட்டார்கள்.